36 வீடுகளின் வாடகையைக் காப்பாற்ற 4 லட்சம் டாலர் போதுமா?

கடிதத்தின் சுருக்கம்

அமெரிக்க நகரம் ஒன்றின் புறநகரிலிருந்து எழுதுகிறார் இந்த வாசகர். (பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.) அவர் பகுதியில் 1971-இல் கட்டப்பட்ட 36 வீடுகள் கொண்ட அப்பார்ட்மென்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அதை வைத்திருக்கும் முதியவர் 43.2 லட்சம் டாலர் கேட்கிறார். அங்கே சராசரி வாடகை மாதம் 1,050 டாலர். அக்கம்பக்கத்தில் 1,350-க்குக் குறைந்து வீடு கிடைப்பதில்லை. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்கள், உணவகச் சமையல்காரர்கள், கிடங்குத் தொழிலாளர்கள், புதிதாக வந்த சில தமிழ்க் குடும்பங்கள் எனக் கலந்து குடியிருக்கிறார்கள். முதலீட்டு நிறுவனம் கையில் போனால் இவர்கள் நிலை என்ன ஆகும் என்ற கவலையில் 14 தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து 4 லட்சம் டாலர் திரட்டியிருக்கின்றன. அதில் 1.5 லட்சம், ஒருவருடைய டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் (பின்னால் அறப்பணிக்குத் தருவதற்கென்று முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் நன்கொடைக் கணக்கில்) இருக்கிறது.

அவர்கள் திட்டம் இது: ஓர் அறக்கட்டளை தொடங்கி, மீதியை வங்கிக் கடனாக வாங்கி, கட்டடத்தை வாங்குவது. பத்து ஆண்டுகளுக்கு வாடகையைத் தொடுவதில்லை. பணம் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் கொடுப்பது. வீடு காலியானால் தமிழ்க் குடும்பங்களுக்கு முன்னுரிமை, ஓர் உறுப்பினரின் பெற்றோருக்கும் ஒரு வீடு. லாபநோக்கமற்ற அமைப்பு என்பதால் சொத்து வரி இருக்காது என்றும் நம்புகிறார்கள். விற்பவர் 45 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். "இதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?" என்பது கேள்வி.

பதில்

சிக்கல் உண்டு, பலவும் உண்டு. ஆனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. மாதம் 300 டாலர் ஏற்றினால் 36 வீட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,29,600 டாலர் கூடுதலாக வரும். அந்தப் பணம் வரப்போகிறது என்று நம்புகிறவருக்குத்தான் 43.2 லட்சம் கட்டுபடியாகும். வாடகையை ஏற்ற மாட்டோம் என்கிற நீங்கள், ஏற்றப்போகிறவர் கொடுக்கும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை அடைப்பதுதான் இத்துறையில் நன்கொடைப் பணத்தின் வேலை. மற்றதை வாடகையும் வங்கியும் பார்த்துக்கொள்ளும். அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரியாமல் சட்டம் பேசுவதில் பயனில்லை, அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கணக்கு

1,050 வீதம் 36 வீட்டுக்கு ஆண்டு வாடகை 4,53,600 டாலர். காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் வராத வாடகைக்கும் 6 சதவீதம் கழித்தால் கையில் வருவது சுமார் 4,26,400. சொத்து வரி, காப்பீடு, தண்ணீர், பழுதுபார்ப்பு, மேலாளர் சம்பளம் என்று வீட்டுக்கு ஆண்டுக்கு 5,800 வைத்திருக்கிறேன். கூரையும் கொதிகலனும் மாற்றும் காலத்துக்கென்று வீட்டுக்கு 400 தனியே ஒதுக்க வேண்டும். ஆக மொத்தச் செலவு 2,23,200. மிஞ்சுவது சுமார் 2,03,200.

விற்பவர் காட்டும் கணக்கில் செலவு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குழாய் ஒழுகினால் தானே போய்ச் சரிசெய்யும் உரிமையாளர் தன் உழைப்பைச் செலவில் எழுதுவதில்லை. பல மாநிலங்களில் விற்பனைக்குப் பிறகு சொத்தின் மதிப்பை மறுபடி போட்டு வரியையும் கூட்டுவார்கள். அவர் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகாதீர்கள்.

ஆண்டுத் தவணையைப்போல் 1.20 மடங்கு நிகர வருமானம் இருக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு வங்கிகள் வழக்கமாகக் கேட்பது. அப்படியானால் நீங்கள் கட்டக்கூடிய தவணை ஆண்டுக்குச் சுமார் 1,69,300. வட்டி 6.5 சதவீதம், 30 ஆண்டுத் தவணை என்று வைத்தால் கிடைக்கும் கடன் 22.3 லட்சம். விலையில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

தேவையோ விலையோடு நிற்பதில்லை. உடனடிப் பழுதுகளுக்கு வீட்டுக்கு 10,000 வீதம் 3.6 லட்சம், பத்திரம், வழக்கறிஞர், மதிப்பீடு, கடன் கட்டணங்களுக்கு 1.1 லட்சம், ஆறு மாதமாவது தாக்குப்பிடிக்கக் கையிருப்பு 1.6 லட்சம். எல்லாம் சேர்ந்து 49.5 லட்சம். வங்கிக் கடன் போக இடைவெளி 27.2 லட்சம், அதாவது வீட்டுக்கு ஏறத்தாழ 75,500 டாலர். உங்களிடம் இருப்பது 4 லட்சம். இது என் ஊகக் கணக்கு. உங்கள் கட்டடத்தின் உண்மையான எண்கள் வந்தால் மாறும். ஆனால் 4 லட்சம் போதும் என்று காட்டும்படி மாறாது.

இந்த அளவு இடைவெளி அதிசயமில்லை. பழைய, மானியம் எதுவும் இல்லாத, சந்தையில் இயல்பாகவே மலிவாக இருக்கும் கட்டடங்களை வாங்கிக் காக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே இடைவெளிதான். அதை அடைக்க அறக்கட்டளைகள் முழுத் தொகையையும் தானமாகத் தருவதில்லை. பிஆர்ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குறைந்த வட்டிக் கடனாகப் பெரும்பகுதியைத் தருகின்றன. ஃபோர்டு அறக்கட்டளை 1968-இல் தொடங்கிய வழி இது. 1969-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் அதற்கு இடம் தந்தது. தனியார் அறக்கட்டளைகள் பொதுவாக ஆண்டுதோறும் தம் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். பிஆர்ஐ கடனும் அந்தக் கணக்கில் சேரும். அசல் திரும்பி வந்தால் அந்த ஆண்டு செலவிட வேண்டிய தொகையோடு கூடிவிடும். ஆகவே அதே பணம் இன்னொரு கட்டடத்துக்குப் போகிறது. மெக்கார்தர் அறக்கட்டளை 2000-களில் வாடகை வீடுகளைக் காப்பதற்கென்றே சுமார் 15 கோடி டாலர் ஒதுக்கியபோது அதில் பெரும்பங்கை இப்படித்தான் கொடுத்தது.

உங்கள் கட்டடத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். வங்கித் தவணை போக ஆண்டுக்கு மிஞ்சுவது சுமார் 33,900 டாலர். 27.2 லட்சத்தையும் 2 சதவீத வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் 54,400, கட்ட முடியாது. 20 லட்சத்தை 1 சதவீதத்துக்கு, 15 ஆண்டு வட்டி மட்டும் கட்டும்படி வாங்கினால் 20,000, கட்டலாம். மீதி 7.2 லட்சம் திருப்பித் தர வேண்டாத பணமாக இருந்தே தீர வேண்டும். உங்கள் 4 லட்சத்துக்கான இடம் அதுதான். பணம் திரும்பும் வரிசையில் கடைசியில், முதலில் நட்டப்படக்கூடிய இடத்தில் உங்கள் பணம் இருப்பதைப் பார்த்துத்தான் பெரிய அறக்கட்டளை 1 சதவீதத்துக்கு இறங்கி வரும்.

வாடகையைத் தொடாமல் இருப்பது

நல்ல மனம்தான், ஆனால் கட்டடத்தை மூழ்கடித்துவிடும். வாடகை நின்ற இடத்தில் நிற்க, செலவு ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் வங்கித் தவணை போக மிஞ்சுவது 20,000 சொச்சம், பிஆர்ஐ வட்டிக்குச் சரியாகப் போய்விடும். நான்காம் ஆண்டில் அந்த வட்டி நிற்கும். ஆறாம் ஆண்டில் வங்கித் தவணைக்கே பணம் போதாது. நடைமுறையில் அதற்கு முன்பே கூரைக்கு ஒதுக்கிய சேமிப்பை எடுத்துச் செலவழிப்பார்கள், ஒழுகலைப் பூசி மறைப்பார்கள், பிறகு கடனைக் கட்ட முடியாமல் கட்டடம் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் வாங்குகிறவர் நீங்கள் பயந்த அதே முதலீட்டு நிறுவனமாகவே இருக்கலாம்.

ஆண்டுக்கு 2 சதவீதம், அதாவது முதல் ஆண்டில் வீட்டுக்கு மாதம் 21 டாலர் ஏற்றினால் வரவு 8,500 கூடும், செலவு 6,700 கூடும். கட்டடம் பிழைக்கும். வாக்குறுதியைப் "ஏற்ற மாட்டோம்" என்று எழுதாமல், "ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் இல்லை, அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 60 சதவீதம் ஈட்டும் குடும்பம் தன் வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் கட்டக்கூடிய அளவைத் தாண்டுவதில்லை" என்று எழுதுங்கள். அரசின் வாடகை உதவிச் சீட்டான வவுச்சர் வைத்திருப்பவர்களை மறுக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தம் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கட்ட, மீதியை வீட்டுவசதி முகமை நேரே உரிமையாளருக்கு அனுப்பும். குடியிருப்பவருக்குப் பாரம் கூடாமல் கட்டடத்துக்கு வரவு கூடும் நல்ல வழி இது.

நன்கொடையா, முதலீடா?

4 சதவீதம் கொடுப்பதாகச் சொன்னவுடன் அது நன்கொடை இல்லாமல் போகிறது. வரிக்கழிவு கிடையாது. அதைவிட முக்கியம், 14 குடும்பங்களின் பணத்தைச் சேர்த்து ஓரிருவர் நிர்வகித்து லாபம் பங்கிடுவது அமெரிக்கச் சட்டப்படி பங்குப் பத்திர விற்பனை. ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களைப் பற்றிய ஹோவி வழக்கில் 1946-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அப்படித்தான் சொல்கிறது. விதிவிலக்கு உண்டு. அதற்குப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும், விளம்பரம் செய்யக் கூடாது, போதிய வருமானமோ சொத்தோ இல்லாத முதலீட்டாளர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வாட்ஸ்அப் குழுவில் "4 சதவீதம் நிச்சயம்" என்று யாராவது ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதை அழிக்க வேண்டாம்; வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் இருக்கும் 1.5 லட்சம் இன்னும் கண்டிப்பானது. அது உங்கள் நண்பருடைய பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அது அந்த நிதியை நடத்தும் அமைப்பின் பணம். அவருக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் உண்டு, வரிக்கழிவையும் அவர் அன்றே எடுத்துவிட்டார். அதிலிருந்து போகும் நன்கொடையால் அவருக்கோ குடும்பத்துக்கோ பலன் கிடைத்தால், அந்தப் பலனின் மதிப்பில் 125 சதவீதம் தண்டவரி. 4 சதவீத வட்டி மட்டுமல்ல, அவருடைய பெற்றோருக்குக் கிடைக்கும் மலிவு வாடகை வீடும் அந்தப் பலனில் சேரலாம்.

ஆகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டாம் என்கிறவர்கள் நன்கொடை கொடுக்கட்டும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விலை ஏறிய பங்குகள் இருந்தால் விற்றுப் பணமாகத் தராமல் பங்காகவே தருவது லாபம், மூலதன லாப வரி விழாது. 2026-இலிருந்து, வரிக்கழிவுகளைத் தனித்தனியே காட்டுகிறவர்களுக்கு, ஆண்டு வருமானத்தில் அரை சதவீதத்துக்கு மேற்பட்ட நன்கொடைக்கே கழிவு என்பதால், கொடுப்பதை ஒரே ஆண்டில் கொடுப்பது நல்லது. அசல் திரும்ப வேண்டும் என்கிறவர்கள் சிடிஎஃப்ஐ எனப்படும் சமுதாய வளர்ச்சி நிதி நிறுவனங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களை வாங்கட்டும். அவர்களுக்குப் பத்திரம் விற்கச் சட்ட ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. வைப்புநிதிக் காப்பீடு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

யாருக்கு வீடு கொடுக்கலாம்?

இந்தப் பகுதியில் நயமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு முன்னுரிமை கொடுக்கக் கூடாது. 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், பூர்வீக நாடு, மதம், பாலினம், குழந்தைகள் இருப்பது, உடற்குறை ஆகியவற்றைப் பார்த்து வீடு தருவதையும் மறுப்பதையும் தடுக்கிறது. நல்லெண்ணம் விலக்கு ஆகாது. 36 வீட்டுக் கட்டடத்துக்குச் சிறு உரிமையாளர் சலுகையும் கிடைக்காது. காலி வீட்டைத் தமிழ்ச் சங்கக் குழுவில் மட்டும் அறிவிப்பதும், "சைவம் மட்டும்" என்று எழுதுவதும் வழக்குக்கு வழிவகுக்கும். அறிவிப்பைப் பல மொழிகளில் வெளியிடலாம், தமிழும் அதில் இருக்கலாம். தமிழ் தெரிந்த ஊழியரை வைக்கலாம். வீடு கொடுப்பது மட்டும் விண்ணப்பம் வந்த வரிசைப்படியோ குலுக்கல் முறையிலோ இருக்க வேண்டும், அந்தப் பதிவேடு எவர் கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும்.

உறுப்பினரின் பெற்றோர் விஷயம் அமைப்பின் வகையைப் பொறுத்தது. தனியார் அறக்கட்டளை (சிலருடைய பணத்தில் மட்டும் நடப்பது) என்றால் பெரிய நன்கொடையாளரின் பெற்றோருக்கு வாடகைக்கு விடுவதே தடைசெய்யப்பட்ட சுயபேரம், முழுச் சந்தை வாடகை வாங்கினாலும் சரி. பொது அறநிறுவனம் (பொதுமக்கள் ஆதரவில் நடப்பது) என்றால் வருமானத் தகுதி இருந்து, வரிசையில் முறைப்படி வந்து, அந்த உறுப்பினர் முடிவெடுக்கும் கூட்டத்திலிருந்து விலகியிருந்தால் சாத்தியம். அப்படிச் செய்யாமல் சலுகை கொடுத்தால் அதிகப்படியான பலனுக்கு 25 சதவீத வரி, திருத்தாவிட்டால் 200 சதவீதம். என்னைக் கேட்டால், முதல் சில ஆண்டுகளுக்காவது நிறுவனர்களின் உறவினர் எவருக்கும் வீடு இல்லை என்று விதியே எழுதிவிடுங்கள். ஒரு வீட்டுக்காக 36 வீட்டின் வரிவிலக்கைப் பணயம் வைப்பது கட்டுபடியாகாது.

இன்னொரு நுட்பம். "ஏழைகளுக்கு வீடு" என்று சொல்லிவிட்டாலே அறப்பணி ஆகிவிடாது. அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் 1996-இல் வெளியிட்ட நடைமுறை விதி ஒரு பாதுகாப்பான எல்லையைக் காட்டுகிறது. 75 சதவீத வீடுகளில், பகுதியின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகாத குடும்பங்கள் இருக்க வேண்டும். அதோடு 20 சதவீத வீடுகளில் மிகக் குறைந்த வருமானத்தார், அதாவது 50 சதவீதத்துக்குள் ஈட்டுகிறவர்கள், அல்லது 40 சதவீத வீடுகளில் அந்த வரம்பின் 1.2 மடங்குக்குள் ஈட்டுகிறவர்கள் இருக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் இது 27 வீடுகள், அவற்றில் 8 அல்லது 15. குறைந்த வாடகை வீட்டில் இருப்பவர் எல்லோரும் குறைந்த வருமானத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு பத்து ஆண்டாக அங்கேயே இருக்கும் சிலர் கட்டாயம் இருப்பார்கள். அவர்களை வெளியேற்ற வேண்டியதில்லை. 9 வீடுகள் வரை இடம் இருக்கிறது, கட்டடம் வாங்கியபின் சரிசெய்துகொள்ள ஓராண்டு பொதுவாக நியாயமான காலமாக ஏற்கப்படும். ஆனால் வாங்குமுன்பே வருமானக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்துவிடுங்கள், பெயர் இல்லாமல் எடுத்தாலும் போதும்.

சொத்து வரி

அறநிறுவனங்களுக்குக் கூட்டரசு தரும் 501(சி)(3) தகுதி வருமான வரிக்கானது. சொத்து வரி மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்த விஷயம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் குறைந்த வருமான வாடகை வீடுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் மாநில வாரியத்திடம் ஒரு சான்று வாங்கி, மாவட்ட மதிப்பீட்டாளரிடம் தனியே விண்ணப்பித்து, வாடகைக் கட்டுப்பாட்டைப் பத்திரத்தில் பதிந்திருந்தால்தான். வேறு சில இடங்களில் பகுதி விலக்குத்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. கிடைத்தால் அதன் பலம் பெரிது. வீட்டுக்கு 1,500 வீதம் ஆண்டுக்கு 54,000 மிச்சமானால், அதே வங்கி சுமார் 5.9 லட்சம் கூடுதலாகக் கடன் கொடுக்க முடியும். உங்கள் 14 குடும்பங்களும் திரட்டியதைவிட அது அதிகம். உங்கள் மாவட்ட மதிப்பீட்டாளர் அலுவலகத்துக்கு இந்த வாரமே ஒரு போன் செய்யுங்கள்.

உரிமையாளர் யாராக இருக்க வேண்டும்?

உங்கள் சொந்த அமைப்பு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். விண்ணப்பக் கட்டணம் 600 டாலர்தான், ஆனால் அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும், உங்களிடம் 45 நாள் இருக்கிறது. ஒரு கட்டடத்தையும் நடத்தியிராத அமைப்புக்கு 22 லட்சம் கடன் கொடுக்கும் வங்கி, உங்களில் சிலரிடம் சொந்த ஜாமீன் கேட்கும். பொது அறநிறுவனம் என்ற தகுதியும் எளிதாக நிற்காது. நன்கொடையைக் கொண்டு அளக்கும் தேர்வில் ஒரு குடும்பத்தின் பணம் மொத்த ஆதரவில் 2 சதவீதம் வரைதான் பொதுமக்கள் ஆதரவாக எண்ணப்படும். 14 குடும்பத்துக்கு 28 சதவீதம், தேவையோ மூன்றில் ஒரு பங்கு. வாடகை வருமானத்தைக் கொண்டு அளக்கும் இன்னொரு தேர்வு இருக்கிறது, முதல் ஐந்தாண்டுச் சலுகையும் இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் இதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வார இறுதியில் தன்னார்வலர்கள் வந்து 36 வீட்டை நிர்வகிப்பது முதல் குளிர்காலத்தோடு முடிந்துவிடும்.

உங்கள் பகுதியில் ஏற்கெனவே சில நூறு வீடுகளை நடத்தும் லாபநோக்கமற்ற வீட்டுவசதி அமைப்போ, சமூக நில அறக்கட்டளையோ இருக்கும். கட்டடம் அவர்கள் பெயரில் வரட்டும். உங்கள் 4 லட்சம் நிபந்தனையோடு கூடிய நன்கொடையாகப் போகட்டும். நிபந்தனைகள் நன்கொடை ஒப்பந்தத்தோடு நின்றால் போதாது, நிலப் பதிவேட்டில் ஏற வேண்டும்: இத்தனை ஆண்டுக்கு, இத்தனை வீடு, இந்த வருமானத்தாருக்கு, இந்த வாடகை வரம்பில். அப்போதுதான் அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். வங்கி தன் அடமானத்துக்குக் கீழே அந்தக் கட்டுப்பாட்டை இறக்கச் சொல்லும். அதற்கு ஒத்துக்கொண்டால் ஏலம் வரும் நாளில் கட்டுப்பாடு அழிந்துபோகும். இந்த ஒரு வரிக்காக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், கட்டுங்கள். நில அறக்கட்டளை என்றால் நிலத்தைத் தான் வைத்துக்கொண்டு கட்டடத்தை 99 ஆண்டுக் குத்தகையில் விடும் முறை இதைவிட உறுதியானது.

விற்பவரிடம் பேச வேண்டியது

விலையைக் குறைக்கச் சொல்வதற்கு அவருக்கும் ஒரு காரணம் கொடுக்கலாம். பொது அறநிறுவனத்துக்குச் சந்தை மதிப்பைவிடக் குறைத்து விற்றால், குறைத்த தொகையை அவர் நன்கொடையாகக் காட்டலாம். முப்பது ஆண்டு தேய்மானம் எடுத்தவருக்கு விற்ற லாபத்தின் வரி கனமாக இருக்கும், ஆகவே அவருடைய கணக்காளர் இதைக் காதுகொடுத்துக் கேட்பார். தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை கட்டாயம் வேண்டும். வாங்குவது தனியார் அறக்கட்டளை என்றால் இந்தச் சலுகை பெரும்பாலும் வாங்கிய விலைக் கணக்கோடு சுருங்கிவிடும். உங்கள் சொந்த அமைப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். விலையில் ஒரு பகுதியை இரண்டாம் அடமானமாக அவரே சில ஆண்டுகளுக்கு விட்டுவைப்பாரா என்றும் கேளுங்கள்.

கட்டடத்தைச் சோதிக்கும்போது 1971 என்ற ஆண்டை மனத்தில் வையுங்கள். அந்தக் காலத்து அலுமினிய மின்கம்பிகள் இணைப்புகளில் சூடேறும். அப்போது புழங்கிய சில பழைய பிரேக்கர் பெட்டிகளைப் பார்த்தால் காப்பீட்டு நிறுவனமே பின்வாங்கும். வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்கள் உள்ளே துருவேறியிருக்கும், கேமரா விட்டுத்தான் பார்க்க முடியும். 1978-க்கு முந்தைய கட்டடம் என்பதால் ஈய வண்ணப்பூச்சு பற்றி விற்பவர் தமக்குத் தெரிந்ததை எழுத்தில் தர வேண்டும். வாடகைப் பட்டியலை அப்படியே நம்பாமல் 12 மாத வங்கி வரவோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு குடியிருப்பாளரிடமும் வாடகை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, வேறு வாய்வாக்கு எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். விற்பவர் எவருக்காவது "உனக்கு ஏற்ற மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் அது அப்போதுதான் வெளியே வரும்.

45 நாளில்

முதல் வாரத்தில் மூன்று வீட்டுவசதி அமைப்புகளுக்கும், இத்துறையில் கடன் கொடுக்கும் ஒரு சிடிஎஃப்ஐக்கும், நகராட்சி வீட்டுவசதித் துறைக்கும் இரண்டு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: முகவரி, விலை, வாடகைப் பட்டியல், மேலே உள்ள கணக்கு, உங்களிடம் இருக்கும் 4 லட்சம். அப்படிப்பட்ட பணம் கையோடு வருவது அவர்களுக்கு அபூர்வம், பதில் வரும். வாஷிங்டன் டிசியைப் போலக் குடியிருப்பாளர்களுக்கே முதலில் வாங்கும் உரிமை தரும் சட்டம் உங்கள் ஊரில் உண்டா என்று நகராட்சியிடமே கேளுங்கள். இருந்தால் காலக்கெடு தானாக நீளும்.

இரண்டாம் வாரத்தில் விற்பவருக்குக் கட்டுப்படுத்தாத விருப்பக் கடிதம் கொடுக்கலாம். அவர் தந்த 45 நாளை நீட்டிச் சோதனைக்கு 60 நாள், முடிக்க 120 நாள், சோதனைக் காலத்தில் முன்பணம் முழுதும் திரும்பும், ஒப்பந்தத்தை வேறொரு லாபநோக்கமற்ற அமைப்புக்கு மாற்றித்தரும் உரிமை உண்டு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உங்களில் எவரும் சொந்தப் பெயரில், திரும்பாத முன்பணத்தோடு கையெழுத்துப் போட வேண்டாம். முப்பதாம் நாளுக்குள் ஓர் அமைப்பாவது வாங்கும் விருப்பத்தை எழுத்தில் தராவிட்டால் இந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். அந்த 4 லட்சத்தை, பழைய வாடகைக் கட்டடங்களை வாங்குவதற்கென்றே சுழல்நிதி வைத்திருக்கும் சிடிஎஃப்ஐ ஒன்றுக்கு, உங்கள் மாவட்டத்துக்குள் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள். மினசோட்டாவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இப்படிப்பட்ட நிதிகள் சில ஆண்டுகளாகவே நடக்கின்றன. அடுத்த கட்டடம் விலைக்கு வரும்போது அந்தப் பணம் தயாராக இருக்கும்.